பார்பேரா ஒயின் ரெண்டு பாட்டில் வந்திருக்கு, மீன் குழம்போட திறக்கலாமா?

கலை_வில்லியனூர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். லியோன்ல இருக்கற அக்காவும் மாமாவும் போன வாரம் ஊருக்கு வந்திருந்தாங்க. போகும்போது மாமா ரெண்டு பாட்டில் ஒயின் குடுத்துட்டுப் போனாரு. பிரான்ஸ்ல இருந்து வர்றவர் பிரெஞ்சு ஒயின்தான் கொண்டு வருவாருன்னு பார்த்தா ரெண்டுமே இத்தாலி. ஒண்ணுல "பார்பேரா த'ஆஸ்டி 2022"ன்னு இருக்கு. இன்னொண்ணு கனமான பாட்டில், "நிட்சா 2019"ன்னு மட்டும் பெருசா போட்டிருக்கு. பார்பேராங்கற பேரையே அதுல காணோம். ஆனா ரெண்டும் ஒரே திராட்சைதான்னு மாமா அடிச்சுச் சொல்றாரு.

எங்க மாமனார் சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். மதியச் சாப்பாட்டோட அரை கிளாஸ் ஒயின் அவருக்குப் பழக்கம். போர்தோங்கற பிரெஞ்சு ஒயினைத் தவிர வேற எதையும் ஒயின்னே ஒத்துக்க மாட்டாரு. வர்ற ஞாயித்துக்கிழமை அவருக்கு எழுபது முடியுது. வீட்லயே சமையல், நெருங்கின சொந்தம் மட்டும்தான். வஞ்சிர மீன் குழம்பு, நெத்திலி வறுவல், அவருக்குப் பிடிச்ச மட்டன் ரகு (பிரெஞ்சு ஸ்டைல் ஸ்ட்யூ), இதெல்லாம் நான் செய்யறேன். இதுல எதோட எந்த பாட்டிலைத் திறக்கறதுன்னு தெரியல.

இப்போதைக்கு பீரோவுக்குள்ள புடவைக்கு நடுவுல வெச்சிருக்கேன். அந்த ரூம்ல ஏசி இல்ல, மத்தியானம் அனல் அடிக்குது. அப்படியே இருக்கலாமா?

அம்மாவுக்கு வேற ஒரு பயம். இத்தாலியில ஒரு காலத்துல பார்பேராவுல மெத்தனால் கலந்து ஆளுங்க செத்தாங்கன்னு தம்பி எதையோ படிச்சுக் காட்டிட்டான். மரக்காணம் பக்கம் எக்கியார்குப்பத்துல 2023-ல நடந்த கள்ளச்சாராயச் சாவு இன்னும் யாருக்கும் மறக்கல இல்லையா, அதுல இருந்து "அந்த பாட்டிலை வெளிய வெச்சுடு"ன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அம்மாவுக்கு என்ன பதில் சொல்றது?

கடைசியா ஒண்ணு. மாடியில ஒரு பன்னீர் திராட்சைக் கொடி வெச்சிருக்கேன், நல்லாப் படர்ந்திருக்கு. அடுத்த தடவை வரும்போது பார்பேரா குச்சி ஒண்ணு கொண்டு வரச் சொல்லலாமா? நம்ம ஊர்ல வருமா?


சாரம்_ரவி:

சிவப்பு ஒயினையும் மீனையும் சேர்க்கவே சேர்க்காதீங்க மேடம். வாயில துருப்பிடிச்ச இரும்பு வாடை வரும். மீனுக்கு வெள்ளை ஒயின் ஒண்ணு வாங்கிடுங்க, இந்த ரெண்டையும் மட்டனுக்கு வெச்சுக்கோங்க.


பாஸ்கர்_முத்தியால்பேட்டை:

கலை, நான் வடக்கு இத்தாலியில ஆஸ்டி ஊருக்குப் பக்கத்துல ஒரு ரெஸ்டாரன்ட் கிச்சன்ல சில வருஷம் வேலை பார்த்தவன். அங்க வேலைக்காரங்க சாப்பிட உட்காரும்போது மேஜை மேல வர்றது பார்பேராதான். மத்த ஒயின் எல்லாம் விருந்தாளிக்கு. அந்தத் திராட்சை மேல எனக்குப் பாசம் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

ரவி சார் சொன்ன இரும்பு வாடை நிஜம்தான். ஒயின்ல இருக்கற இரும்பும் மீனோட கொழுப்பும் சேர்ந்தா அந்தக் கவுச்சி கிளம்பும். அதோட டானின், அதாவது தோல்லயும் கொட்டையிலயும் இருந்து வர்ற துவர்ப்பு சேர்ந்துச்சுன்னா வாய் கசந்துடும். போர்தோவையோ, பார்பேராவோட பக்கத்து வீட்டுக்காரரான பரோலோவையோ நானும் மீனுக்குப் பக்கத்துல வைக்க மாட்டேன். பார்பேரா கதை வேற. கிளாஸ்ல ஊத்தினா நாவப்பழச் சாறு மாதிரி கருஞ்சிவப்பா நிக்கும், இது கண்டிப்பாத் துவர்க்கும்னு நினைப்பீங்க. குடிச்சா துவர்ப்பு ரொம்பக் கம்மி, புளிப்புதான் முன்னாடி வரும். இவ்வளவு நிறமும் இவ்வளவு கம்மியான துவர்ப்பும் ஒரே திராட்சையில சேர்றது அபூர்வம். நம்ம புளி போட்ட குழம்புக்கு வேண்டியதே அதுதான். சாப்பாட்டுல இருக்கற புளிப்பைவிட ஒயின்ல புளிப்பு கம்மியா இருந்தா, ஒயின் சப்புன்னு ஆயிடும். பார்பேரா புளிக்கு அசராது.

சிவப்பு ஒயினும் மீனும் ஆகாதுன்னா அந்த ஊர்க்காரங்க பாதிப் பேர் பட்டினி கிடக்கணும். அங்க இலையுதிர் காலத்துல, திராட்சை அறுவடை முடிஞ்ச கையோட, பாஞ்ஞா காவ்தான்னு ஒண்ணு செய்வாங்க. ஆளுக்கு ஒரு முழுப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், உப்புல ஊறின நெத்திலி. நம்ம நெத்திலிக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி அது, ஒரே குடும்பம். அந்தச் சீமையில கடலே கிடையாது. லிகூரியா கடற்கரையில இருந்து மலை தாண்டி உப்போட சேர்ந்து வந்த மீன் அது. கிச்சன்ல எனக்குக் குடுத்த முதல் வேலையே இந்த நெத்திலியைச் சுத்தம் பண்றதுதான். தகர டப்பாவுல அடுக்கடுக்கா கல் உப்புக்குள்ள படுத்திருக்கும். ஒவ்வொண்ணா எடுத்து உப்பைத் தட்டி, வயித்துப் பக்கம் கட்டைவிரலை விட்டு ரெண்டாப் பிளந்து, நடுமுள்ளை வால்ல இருந்து ஒரே இழுப்பா உருவணும். அப்புறம் ஒரு கொதி கூட வராம, சின்ன தீயில பூண்டையும் மீனையும் எண்ணெயில கரைய விடணும். பூண்டு சிவந்தா போச்சு, எல்லாம் கசப்பு. அடியில மெழுகுவத்தி எரியற மண் சட்டியில ஊத்தி மேஜைக்கு வரும். குடைமிளகாய், முட்டைக்கோஸ், கார்தோங்கற ஒரு முள் தண்டு எல்லாத்தையும் தோய்ச்சுத் தோய்ச்சுச் சாப்பிடுவாங்க. எண்ணெய், பூண்டு, மீன், உப்பு இவ்வளவும் நாக்குல ஏறினதுக்கு அப்புறம் அதைக் கழுவி விடறது பார்பேரா. வேற ஒயினை அங்க யாரும் எடுக்கக்கூட மாட்டாங்க.

அதனால உங்க நெத்திலி வறுவலுக்கும் மீன் குழம்புக்கும் 2022 பாட்டில். யோசிக்கவே வேணாம். சாதா பார்பேரா த'ஆஸ்டிங்கறது நாலு மாசம் வெச்சிருந்தாலே விக்கலாம்னு சட்டம் சொல்ற ஒயின், மரப்பீப்பாய் கட்டாயம் இல்ல. பழ வாசனையோட, புளிப்போட இருக்கும். வயசாகட்டும்னு காத்திருக்கறதுல அர்த்தம் இல்ல.

நிட்சா வேற மாதிரி. உங்க மாமா சொன்னது சரி, ரெண்டும் ஒரே திராட்சை. நிட்சா மொன்ஃபெர்ராத்தோன்னு ஒரு ஊர். அதைச் சுத்தி 18 கிராமங்கள்ல, வெயில் நல்லா விழற சரிவுல மட்டும் விளையற பார்பேராவுக்கு 2014-ல தனி அந்தஸ்து குடுத்தாங்க. நூறு சதவீதம் பார்பேரா, குறைஞ்சது 18 மாசம் பக்குவம், அதுல 6 மாசம் மரத்துல. அந்தச் சரிவு விஷயத்தைக் கவனிங்க, எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது அதுதான். பரோலோ செய்யற ஆல்பா பக்கம் தெக்கு பார்த்த நல்ல சரிவை எல்லாம் நெபியோலோங்கற திராட்சைக்குக் குடுத்துடுவாங்க. மிச்சம் மீதி நிலம்தான் பார்பேராவுக்கு. எங்க நட்டாலும் காய்க்கும், கொத்துக் கொத்தாத் தள்ளும், அதனாலயே யாரும் அதை மதிக்கல. கூலிக்காரங்க குடம் குடமா வாங்கிக் குடிச்ச மலிவு ஒயின்னே பேராயிடுச்சு. ரொக்கேத்தா தானாரோங்கற ஊர்ல ஜாக்கமோ பொலோஞ்ஞான்னு ஒருத்தர், பார்பேராவுக்கு நல்ல நிலத்தைக் குடுத்து, காயைக் கம்மி பண்ணி, சின்ன ஓக் பீப்பாயில வெச்சுப் பார்த்தாரு. 1982 அறுவடையில அவர் செஞ்ச ப்ரிக்கோ தெல்'உச்செல்லோனே வந்த பிறகுதான் மத்தவங்க திரும்பிப் பார்த்தாங்க. திராட்சையில இல்லாத துவர்ப்பை மரம் கொஞ்சம் குடுத்துச்சு. உங்க கையில இருக்கற நிட்சா அந்த வழியில வந்தது. அதை மட்டன் ரகுவோட வைங்க. உங்க மாமனாரைப் போர்தோவுல இருந்து அசைக்கறதா இருந்தா அதுதான் அசைக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, மிளகாய். லேபிள் ஓரத்துல சதவீதம் பாருங்க. இப்ப வர்ற நிட்சா எல்லாம் 14, 14.5 இருக்கும். ஆல்கஹால் ஏற ஏற காரம் நெருப்பா எரியும். ரகுவுல மிளகைக் கொஞ்சம் அடக்கி வாசிங்க.

பீரோவுல இருந்து இன்னிக்கே எடுத்துடுங்க. முப்பது டிகிரிக்கு மேல நாள் கணக்குல இருந்தா ஒயின் வெந்த பழம் மாதிரி ஆயிடும், கார்க் மேல தள்ளும். ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, காய்கறி வைக்கற டப்பாவுல படுக்க வெச்சுடுங்க. ஞாயித்துக்கிழமை சாதா பாட்டிலை எடுத்து ஒரு இருபது நிமிஷம் வெளிய வெச்சாப் போதும். நிட்சாவை ஒரு மணி நேரம் முன்னாடி திறந்து கண்ணாடி ஜக்குல ஊத்தி வைங்க. சிவப்பு ஒயினை ரூம் சூட்டுல குடிக்கணும்னு சொல்றது ஐரோப்பா ரூமுக்கு. 16, 17 டிகிரி. வில்லியனூர் ரூமுக்கு அந்தப் பேச்சு ஒத்து வராது.


ஜான்சன்_நெல்லித்தோப்பு:

அம்மா கேட்டதுக்கு நான் சொல்றேன், நான் இந்த வியாபாரத்துல இருக்கறவன். அவங்க பயப்படறது நியாயம். 1986 மார்ச்ல வடக்கு இத்தாலியில நடந்தது உண்மை. கூனியோ மாவட்டத்துல நார்ட்சோலேங்கற ஊர்ல, மலிவு ஒயின்ல ஆல்கஹால் அளவை ஏத்திக் காட்ட மெத்தனாலைக் கலந்துட்டாங்க. இருபது பேருக்கு மேல செத்தாங்க, சிலருக்குப் பார்வை போச்சு. அதுல பார்பேரா பேர்ல வித்த சரக்கும் இருந்ததால அந்தத் திராட்சை பேரே கெட்டுச்சு. செய்யாத தப்புக்கு விவசாயிங்க பல வருஷம் தண்டனை அனுபவிச்சாங்க. கலந்தது திராட்சை இல்ல, மனுஷன். எக்கியார்குப்பத்துலயும் அதேதான். திராட்சை புளிக்கும்போது தன்னால உண்டாகற மெத்தனால் ரொம்பத் துளி, அதால ஒரு கெடுதலும் இல்ல.

உங்க பாட்டிலோட கழுத்தைப் பாருங்க. கார்க் மூடின இடத்துல இருந்து கழுத்து வரைக்கும் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருக்கும், அதுல டி.ஓ.சி.ஜி.ன்னும் (இத்தாலி ஒயினுக்கு உச்சத் தர முத்திரை) ஒரு வரிசை எண்ணும் இருக்கும். பாஸ்போர்ட் அடிக்கற அரசாங்க அச்சகத்துலதான் அதையும் அடிக்கறாங்க. எவ்வளவு ஒயினுக்கு அனுமதியோ அவ்வளவு பட்டைதான் தருவாங்க. பார்பேரா த'ஆஸ்டி 2008-ல இருந்து அந்த வகையில வருது. பட்டை கிழியாம இருந்தா அம்மாகிட்ட அதைக் காட்டுங்க. உங்க மாமா கொண்டு வந்தது ரெண்டு பாட்டில்னா ஒன்றரை லிட்டர், ரெண்டு லிட்டர் வரைக்கும் ஏர்போர்ட்ல வரி இல்லாம விடுவாங்க, அதனால அந்தக் கவலையும் இல்ல.

ஒண்ணே ஒண்ணு. கடலூர்ல இருக்கற சொந்தக்காரங்களுக்கு ஒரு பாட்டில் குடுத்து அனுப்பலாம்னு மட்டும் நினைக்காதீங்க. தமிழ்நாட்டு எல்லையில ஆல்பேட்டை செக்போஸ்ட்ல பாட்டிலைப் பிடிக்கும்போது இத்தாலி, பிரான்ஸ்னு பேதம் பார்க்க மாட்டாங்க.


இளங்கோ_பண்ருட்டி:

குச்சி விஷயத்துக்கு நான் வர்றேன். தங்கச்சி, பெட்டிக்குள்ள வெச்சு குச்சி கொண்டு வரச் சொல்லாதீங்க. இறக்குமதி பர்மிட்டும், அந்த ஊரு பயிர்நலச் சான்றிதழும் இல்லாம செடி, குச்சி எதையும் உள்ள கொண்டு வரக்கூடாது. சட்டத்துக்காக மட்டும் சொல்லல. பார்பேராவுக்கு அங்க ஒரு பெரிய நோய் இருக்கு. இலை மஞ்சளா, சிவப்பா மாறிச் சுருண்டுக்கும், கொத்து அப்படியே காஞ்சு தொங்கும், குச்சி முத்தாம ரப்பர் மாதிரி வளையும். பைட்டோபிளாஸ்மான்னு ஒரு கிருமி, தத்துப்பூச்சி சாறு உறிஞ்சும்போது கொடிக்குக் கொடி ஏத்தி விடும். மத்த ரகத்தைவிட பார்பேராவை அது மோசமா அடிக்கும். நம்ம கத்திரியில சிற்றிலை நோய் வருதே, செடி பூராவும் சின்னச் சின்ன இலையா மண்டி ஒரு காய் கூட பிடிக்காம நிக்குமே, அதுவும் இதே சாதிக் கிருமிதான், பரப்பறதும் தத்துப்பூச்சிதான். எங்க கொல்லையில ஒரு பாத்தி கத்திரியை வேரோட புடுங்கி எரிச்சிருக்கோம். அங்கயும் மருந்து கிடையாது, கொடியைப் புடுங்கித்தான் ஆகணும்னு அரசாங்கமே உத்தரவு போட்டிருக்கு. குச்சி வழியாவும் வரும். அந்தச் சனியனை நம்ம ஊருக்கு நாமளே அழைச்சுட்டு வர வேணாம்.

சரி, சுத்தமான செடியே கிடைச்சாலும் நம்ம பக்கம் கஷ்டம். அங்க குளிர் காலத்துல கொடி இலை உதிர்த்துத் தூங்கும். மார்ச், ஏப்ரல்ல துளிர்க்கும், செப்டம்பர் கடைசியில இருந்து அறுவடை. நம்ம ஊர்ல கொடி தூங்கவே தூங்காது. மகாராஷ்டிராவுல அதுக்குத்தான் வருஷத்துக்கு ரெண்டு கவாத்து பண்றாங்க, ஏப்ரல்ல ஒண்ணு, அக்டோபர் வாக்குல ஒண்ணு. ரெண்டாவது கவாத்துக்கு அப்புறம் மழை ஓய்ஞ்சு காய்ஞ்ச குளிர்ல காய் பிடிச்சு முத்தும். அந்த வழியில அக்லூஜ் பக்கம் சாஞ்சோவேசேங்கற இத்தாலி ரகத்தை நட்டு ஒயினே போடறாங்க. நமக்கு அக்டோபர், நவம்பர்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டற நேரம். அவங்க பூ எடுக்கற நாள்ல நமக்குப் புயல். தானே புயல் 2011-ல எங்க முந்திரியையும் பலாவையும் என்ன பண்ணிச்சுன்னு இங்க எல்லாருக்கும் தெரியும், 2024-ல ஃபெஞ்சல் புயல் வேற. பந்தல் நின்னாலும் அந்த ஈரத்துல அடிச்சாம்பல் நோய் இலையைத் தின்னுடும்.

உங்க பன்னீர் திராட்சையே நல்ல ரகம்தான். மஸ்கட் ஹாம்பர்க்னு ஐரோப்பாவுல இருந்து வந்து கம்பம் பள்ளத்தாக்குல வேரூன்றி, 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. அதைக் கவாத்து பண்ணி ஒழுங்கா வளருங்க. கவாத்துக்கு எந்தக் கணு விடணும்னு வேணும்னா ஒரு போட்டோ போடுங்க, பார்த்துச் சொல்றேன்.


சாரம்_ரவி:

பாஸ்கர் அண்ணே, நெத்திலி சமாச்சாரம் எனக்குப் புதுசு. ஆனா உப்புல ஊறின மீனும் புது வஞ்சிரமும் ஒண்ணா? வஞ்சிரத்துல எண்ணெய் ஜாஸ்தி. அந்தக் கவுச்சி வராதா?


பாஸ்கர்_முத்தியால்பேட்டை:

நல்ல கேள்வி ரவி. வெறும் வஞ்சிரத்தை உப்பு, எலுமிச்சை மட்டும் போட்டு வாட்டிக் குடுத்தா நீங்க சொல்ற மாதிரி வரும், அதுக்கு வெள்ளைதான் சரி. குழம்புல புளி, தக்காளி, வெந்தயம், பூண்டு எல்லாம் சேர்ந்து மீனோட எண்ணெயை அடக்கிடும். ஒயின் மோதறது குழம்போட, மீனோட இல்ல. கலை, முடிஞ்சா குழம்பைச் சனிக்கிழமை ராத்திரியே மண் சட்டியில வெச்சுடுங்க. ஒரு ராத்திரி ஊறின மீன் குழம்புல புளியும் காரமும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து நிதானத்துக்கு வந்துடும், அப்பத்தான் பார்பேரா இன்னும் நல்லாப் பிடிக்கும்.


கலை_வில்லியனூர்:

எல்லாருக்கும் நன்றி. ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது, நடந்ததைச் சொல்லிடறேன்.

கழுத்துப் பட்டையை அம்மாகிட்ட காட்டினேன். எண்ணை ஒவ்வொண்ணா விரல் வெச்சு வாசிச்சுட்டு "சரி, அவர் குடிக்கட்டும்"னாங்க. குழம்பு சனிக்கிழமையே வெச்சுட்டேன். 2022 பாட்டிலைத் திறந்து, முதல்ல நெத்திலியோட மாமனாருக்கு ஊத்தினேன். லேபிளைப் பார்த்து "இத்தாலியா" அப்படின்னாரு, வேற ஒண்ணும் சொல்லல. மீன் குழம்பு சாதம் பாதி சாப்பிட்டுட்டு கிளாஸை என் பக்கம் நகர்த்தினாரு, இன்னும் ஊத்துன்னு அர்த்தம். அவருக்கு அரை கிளாஸுக்கு மேல இதுவரைக்கும் நான் ஊத்தினதே இல்ல. குழம்புல முருங்கைக்காய் வேற போட்டிருந்தேன், அதோட கூட ஒத்துப் போச்சு.

நிட்சா எங்க எல்லாருக்கும் பிடிச்சுது, ஆனா ரகுவுல பட்டையும் மிளகும் கொஞ்சம் தூக்கலாயிடுச்சு. பாஸ்கர் அண்ணன் சொன்ன மாதிரியே தொண்டையில எரிஞ்சுது. 14.5 போட்டிருக்கு. ரொட்டியைத் தோய்ச்சுச் சாப்பிட்டப்ப எரிச்சல் அடங்கி, வாசனை நல்லாத் தெரிஞ்சுது. மாமனாருக்கு என்னவோ ரெண்டுல முதல் பாட்டில்தான் ஒசத்தி. புதுச்சேரியில கிடைக்குமான்னு கேக்கறாரு. நிட்சா பாதி மிச்சம் இருக்கு, எத்தனை நாள் வெச்சுக்கலாம்?

இளங்கோ அண்ணா, குச்சி யோசனையை விட்டுட்டேன். பன்னீர் கொடி போட்டோ நாளைக்குப் போடறேன்.


ஜான்சன்_நெல்லித்தோப்பு:

இங்க கடைகள்ல இத்தாலின்னா கியான்டிதான் அதிகம் வரும், பார்பேரா எப்பவாவதுதான். கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்க, கேக்கற ஆள் இருந்தாத்தான் கடைக்காரர் எடுப்பாரு. வாங்கும்போது ஷோகேஸ்ல வெயில் படற இடத்துல நின்ன பாட்டில் வேணாம், உள்ள இருந்து எடுத்துத் தரச் சொல்லுங்க. கார்க் மூடி மேல புடைச்சிருந்தாலோ, கழுத்துல பிசுபிசுன்னு கசிஞ்ச தடம் இருந்தாலோ தொடாதீங்க.


பாஸ்கர்_முத்தியால்பேட்டை:

மாமனார் சொன்னதுதான் சரி கலை, எனக்கும் சாதா பார்பேராதான் பிடிக்கும். நிட்சாவை ஜக்குல விடாம திரும்ப பாட்டில்லயே ஊத்தி, கார்க்கை இறுக்கி, ஃப்ரிட்ஜ்ல நிக்க வைங்க. பார்பேராவுல புளிப்பு ஜாஸ்திங்கறதால மூணு நாள் தாங்கும். புதன்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க, அதுவும் மிளகு கம்மியா ஒரு ஈரல் வறுவலோட. மாமாவுக்கு போன் பண்ணும்போது அடுத்த தடவைக்கு கனமான பாட்டில் வேணாம், ரெண்டும் சாதாவே போதும்னு சொல்லிடுங்க. விலையும் பாதிதான் ஆகும்.